கொக்கின் மேல் விழுந்த முத்திரை

போன வாரம் என் அக்கா உயிரோடு இருக்கிறாளா என்பதில் அரசாங்கத்துக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

பதற வேண்டாம். நவம்பர் பிறந்தால் எல்லாப் பென்ஷன்காரர்கள் மீதும் வருகிற சந்தேகம்தான். வருடம் முழுக்க நாம் உயிரோடிருப்பதைப் பெருந்தன்மையாக நம்பிவிடுகிறார்கள். இந்த ஒரு மாதம் மட்டும் அத்தாட்சி கேட்கிறார்கள். முன்பெல்லாம் பாங்குக்குப் போய் மேனேஜர் எதிரே நின்று இரண்டு தரம் இருமினால் போதும். இப்போது செல்போன் செயலி. முகத்தைக் காட்டி, கண்ணைச் சிமிட்ட வேண்டும். சிமிட்டினால் ஆசாமி இருக்கிறார் என்று அர்த்தம்.

ராஜம் அக்காவுக்கு எண்பத்தைந்து தாண்டிவிட்டது. செம்பூரில் மகன் வீட்டில் இருக்கிறாள். அத்திம்பேர் போன பிறகு குடும்பப் பென்ஷன். இந்த மாதிரிச் சடங்குகளுக்கு எங்கள் குடும்பத்தில் நான்தான் புரோகிதர். எந்த விண்ணப்பத்துக்கு எத்தனை நகல், எந்த ஜன்னலில் நிற்க வேண்டும், எந்தக் கிளார்க்கிடம் சாப்பாட்டுக்கு முன்னால் போகக்கூடாது... எல்லாம் அத்துப்படி. அப்படித்தான் நினைத்துக்கொண்டு போனேன்.

செயலி அக்காவை ஏற்கவில்லை. டியூப் லைட்டுக்குக் கீழே உட்கார வைத்தேன். ‘முகம் தெளிவாக இல்லை’ என்றது. பால்கனியில், உச்சி வெயிலில் நிறுத்தினேன். ‘மீண்டும் முயலவும்.’ அக்காவின் மருமகள் நல்லெண்ணத்தோடு ஒரு யோசனை சொன்னாள்: “அம்மா, மூஞ்சில லேசா பவுடர் போட்டுண்டா எடுத்துக்குமோ என்னமோ...”

அக்கா சிரித்த சிரிப்பில் போன் ஆடிப்போயிற்று.

“பவுடரா? அந்தக் கதையெல்லாம் முடிஞ்சு அறுபது வருஷம் ஆச்சுடி. சேது, அதை மூடி வை. வெயில் சாயட்டும். அப்பறம் பாத்துக்கலாம்.”

வெயில் சாயட்டும்! இந்த வார்த்தையைக் கேட்டு எவ்வளவு காலமாயிற்று! அது அக்காவின் வார்த்தை இல்லை. பத்மநாப மாமாவின் வார்த்தை.

அறுபதுகளின் நடுவில் நாங்கள் மாட்டுங்காவில் இருந்தோம். மூன்றாவது மாடி. எங்களுக்கு மேல் மாடியில் பத்மநாப மாமா. கோட்டைப் பகுதியில் ஒரு கப்பல் கம்பெனியில் வேலை. பாலக்காட்டுக்காரர். ஒல்லி. நீளக் கழுத்து. வெள்ளை அரைக்கைச் சட்டை, வெள்ளை பாண்ட். வாரம் முழுக்க ஆபீஸ். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும் கழுத்தில் ஒரு ஜெர்மன் காமிராவை மாட்டிக்கொண்டு தாராவிக் கழிமுகத்துக்குப் போய்விடுவார். மேலிருந்து குனிந்து பார்க்கிற பெட்டி வகைக் காமிரா. ஒரு சுருளுக்குப் பன்னிரண்டே படம்.

எதைப் படம் எடுப்பார்? கொக்கு. வெறும் கொக்கு. வெள்ளைக் கொக்கு தவிர வேறெதையும் அவர் எடுத்து நான் பார்த்ததில்லை.

“கல்யாணம் ஆன நாள்லேர்ந்து என்னை ஒரு படம் எடுத்ததில்லையாக்கும்,” என்று மாமி மாடிப்படியில் போகிற வருகிறவர்களிடமெல்லாம் மனுக் கொடுப்பாள். “கொக்குக்கு மட்டும் ஆல்பம் ஆல்பமா! போன ஜன்மத்துல என்ன உறவோ, கேட்டேளா!”

மாமா பதிலே சொல்ல மாட்டார். சொன்னால் ஒரே பதில்தான்: “வெள்ளையைப் படம் எடுக்கறது லேசில்லை.”

அதில் அவருக்கு ஒரு வெறி இருந்தது. நடுப்பகலில் எடுத்தால் கொக்கு சுண்ணாம்புக் கட்டி மாதிரி வரும். வடிவம் இருக்கும், சிறகு இருக்காது. வெயில் சாய்ந்து, பக்கவாட்டில் வர வேண்டும். அப்போதுதான் ஒவ்வொரு இறகுக்கும் ஒரு சின்ன நிழல் கிடைக்கும். வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்து வாங்க வேண்டும். சுற்றியுள்ள சேறு கறுத்துப் போனால் போகட்டும் — வெள்ளை பிழைக்கும். இதையெல்லாம் யாரும் கேட்காமலேயே சொல்வார். லிப்ட் இல்லாத கட்டடத்தில் நின்று கேட்காமல் தப்பிக்கவும் வழியில்லை.

இனி எங்கள் வீட்டு நிலவரம்.

அக்காவுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இதற்கென்று அந்தக் காலத்தில் ஒரு நடைமுறை உண்டு. எந்த அரசாங்க டெண்டரும் இவ்வளவு ஒழுங்காக நடந்ததில்லை. முதலில் நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய ஜாதகம் போகும். பொருத்தம் என்று பதில் வந்தால் போட்டோ போகும். போட்டோ பிடித்திருந்தால் பிள்ளை வீட்டார் பஜ்ஜி சொஜ்ஜிக்கு வருவார்கள். பிறகு, ‘ஊருக்குப் போய் லெட்டர் போடறோம்’ என்பார்கள். அந்த லெட்டர் வராது. வராத லெட்டருக்கு ‘வேண்டாம்’ என்று பொருள்.

அக்கா கறுப்பு. மாநிறம், புதுநிறம் என்றெல்லாம் ஜாதகத்தோடு போகிற விவரத்தில் அம்மா எழுதச் சொல்வாள். இல்லை. நல்ல கறுப்பு. பெரிய கண், எடுப்பான மூக்கு. தாதரில் ஒரு கம்பெனியில் ஸ்டெனோ. ஆனால் போட்டோவில் அவள் ரோஜாப்பூ. காரணம், எங்கள் பேட்டை ஸ்டூடியோக்காரர். முகத்தில் அரை டப்பா பவுடர். இரண்டு பக்கமும் சூரியன் மாதிரி விளக்கு. போதாததற்கு நெகட்டிவ்மேல் பென்சில் வேலை. நெகட்டிவில் எவ்வளவு கறுப்பாகத் தீட்டுகிறாரோ, பிரிண்டில் அவ்வளவு வெள்ளையாக வரும்! பெண்ணை வெளுப்பாக்க ஒரு மனிதர் கறுப்புப் பென்சிலோடு உட்கார்ந்திருந்தார். இதைவிட நம் தேசத்தைப் பற்றி நான் என்ன சொல்ல?

அந்தப் போட்டோ நன்றாக வேலை செய்தது. அதுதான் சங்கடம். அதைப் பார்த்துப் பிள்ளை வீட்டார் வந்தார்கள். வந்து, அக்காவைப் பார்த்தார்கள்.

கடைசியாக வந்தது பூனாக்காரர்கள். அக்கா தட்டில் காபி கொண்டுவந்து ஒவ்வொருவராகக் கொடுத்தாள். பிள்ளையின் அம்மா டம்ளரை எடுத்துக்கொண்டு, ரொம்பப் பிரியமாக, “நீதான் மூத்தவளா? சரி, தங்கையைக் கூப்பிடும்மா, பாக்கலாம்,” என்றாள்.

அம்மா சமையலறை வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டாள். அப்பா தன் பஜ்ஜியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்காதான் பேசினாள். “தங்கை கிடையாது மாமி. ஒரு தம்பிதான். அதோ நிக்கறான், வேணும்னா பாத்துக்கோங்கோ.”

சொல்லிவிட்டு உள்ளே போனவள், அவர்கள் மாடிப்படி இறங்கி முடிக்கும்வரை வெளியே வரவில்லை. வந்ததும் அழவில்லை. “இனிமே நான் யார் முன்னாடியும் தட்டோட நிக்கமாட்டேன்,” என்றாள். அவ்வளவுதான்.

வீட்டில் இரண்டு நாள் ரேடியோகூடப் போடவில்லை. அப்பாவுக்கு ரிட்டயர்மென்ட் நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் அக்காவை ஓரிடத்தில் சேர்த்துவிட வேண்டும் என்பது அவர் கணக்கு. அந்த நேரம் பார்த்து இன்னொரு ஜாதகம் பொருந்திவிட்டது. பிள்ளை டிராம்பேயில் எஞ்சினியர். அம்மாவோடு செம்பூரில் ஜாகை. அப்போதுதான் எழும்பிக்கொண்டிருந்த அணுசக்தி நகரில் குவார்ட்டர்ஸ் கிடைக்கப் போகிறது. ‘பெண்ணின் போட்டோ அனுப்பவும்’ என்று எழுதியிருந்தார்கள்.

அம்மா ஸ்டூடியோ போட்டோவை எடுத்தாள். அக்கா அதை வாங்கித் திரும்பப் பெட்டியில் வைத்துவிட்டு மாடி ஏறினாள். என்ன செய்யப் போகிறாளோ என்று நானும் பின்னாலேயே போனேன்.

“மாமா, என்னை ஒரு போட்டோ எடுத்துத் தருவேளா? நான் எப்படி இருக்கேனோ அப்படி.”

பத்மநாப மாமா லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. “நான் மனுஷாளை எடுக்கறதில்லையே.”

“கொக்குன்னு நெனச்சுக்கோங்கோ.”

“கொக்கு பேசாது.”

“நானும் பேசலை.”

உள்ளேயிருந்து மாமியின் குரல் வந்தது: “எடுத்துக் குடுத்தா கை தேஞ்சா போயிடும்? பாவம், அது வந்து கேக்கறது!”

மாமா யோசித்தார். பேப்பரை எடுத்துக் கடல் வற்றுகிற நேரம் பார்த்தார். கொக்குக்கு நேரம் குறித்துவிட்டுத்தான் மற்றவர்களுக்கு. “ஞாயித்துக்கிழமை. பட்டுப்புடவை வேண்டாம். பவுடர் வேண்டவே வேண்டாம். ஃப்ரேம்ல வெள்ளையா ஒண்ணு போதும். அதுக்குச் சிறகு இருக்கு.”

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் நடந்தே போனோம். முக்காலி ஸ்டாண்டைத் தூக்குவது என் பொறுப்பு. அந்த நாளைய தாராவி வேறு. சந்துகளைத் தாண்டினால் தோல் பதனிடுகிற நெடி ஒரு பக்கம், குயவர்களின் சூளைப் புகை ஒரு பக்கம். அதையும் தாண்டினால் சட்டென்று எல்லாம் விலகி, கழிமுகம் அகலமாகத் திறக்கும். சேறு, சதுப்புச் செடிகள், தூரத்தில் மாஹிம் பக்கம் ரயில் பாலம். கடல் பின்வாங்கிய சேற்றில் வெள்ளை வெள்ளையாகக் கொக்குகள்... ஆபீஸ் திறக்கக் காத்திருக்கிற ஹெட் கிளார்க்குகள் மாதிரி, கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு.

கரையோரம் ஒரு டீக்கடை. திருநெல்வேலிப் பக்கத்து அம்மாள் ஒருத்தி நடத்தினாள். கணவன் தோல் ஷாப்பில் வேலை. மாமாவை அவளுக்கு நன்றாகத் தெரியும். பார்த்ததும் ஆரம்பித்துவிட்டாள்.

“வாரும் சாமி! அந்தக் கொக்குக்கும் ஒமக்கும் என்ன கோர்ட்டு வழக்கா? வாரந்தவறாம வந்து மொறச்சிக்கிட்டு நிக்கேரே!” அக்காவைப் பார்த்தாள். “இது ஆரு, மவளா?”

“பக்கத்து வீட்டுப் பொண்ணு. போட்டோ எடுக்கணும்.”

“எதுக்குளா போட்டோ?” என்று நேராக அக்காவையே கேட்டாள்.

“மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்ப,” என்றாள் அக்கா.

“பொறவு இந்தச் சவத்துச் சேத்துக்குள்ளயா வந்து எடுக்கணும்? தாதர்ல நல்ல ஸ்டூடியோ இருக்காம்லா?”

“அங்க எடுத்தா படத்துல வேற யாரோ வரா,” என்றாள் அக்கா.

அந்த அம்மாள் ஒரு கணம் அக்காவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு டீ ஆற்றிக் கொடுத்தாள்.

நாங்கள் போனபோது வெயில் இன்னும் காட்டமாகத்தான் இருந்தது. “வெயில் சாயட்டும்,” என்று மாமா ஸ்டாண்டை விரித்துவிட்டு நின்றார். நாங்களும் நின்றோம். கொக்குகளும் நின்றன. அந்த இடத்தில் அவசரம் என்று ஒன்று இருந்தது எனக்கு மட்டும்தான்.

மெல்ல வெளிச்சம் மஞ்சளாயிற்று. சேற்றில் தேங்கிய தண்ணீரெல்லாம் பித்தளைத் தாம்பாளம் மாதிரி மின்னிற்று. கொக்குகளின் மேல் வெயில் பக்கவாட்டில் விழுந்து, ஒவ்வொரு இறகும் தனித்தனியாகத் தெரிந்தது. வெள்ளை என்று அதைச் சொல்ல முடியாது. பாலேடு என்று சொல்லலாம். மாமா குனிந்தார். அப்புறம் மனுஷர் எங்களை மறந்தே போனார். க்ளிக். சுற்றல். காத்திருப்பு. க்ளிக். ஒரு சுருள் முழுக்கக் கொக்குக்கே போய்விடுமோ என்று நான் பயந்தேன்.

“மாமா...” என்றேன்.

“தெரியும்டா. ஒண்ணு பாக்கி வெச்சிருக்கேன்.”

ஒன்று! ஒரே ஒரு படம். கண்ணை மூடிவிட்டால்? தும்மிவிட்டால்? அதைப் பற்றி அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. அக்காவைக் கரையோரத்தில், மேற்கே பார்த்து நிற்கச் சொன்னார். அவளுக்குப் பின்னால் கொஞ்ச தூரத்தில் ஒரு பெரிய கொக்கு. காமிராவில் குனிந்தவர் குனிந்தபடியே இருந்தார். வெயில் இறங்கிக்கொண்டே வந்தது. அக்காவுக்குக் கண் கூசிற்று. முகம் இறுகிற்று. பூனாக்காரர்கள் முன்னால் காபித் தட்டோடு நின்ற அதே முகம்.

“என்ன மாமா, ஆச்சா?”

“இரு. அது கழுத்தைத் தூக்கட்டும்.”

அவர் காத்திருந்தது அக்காவுக்காக இல்லை. கொக்குக்காக!

டீக்கடை அம்மாளுக்கு இதற்கு மேல் பொறுக்கவில்லை. கடையிலிருந்தே சத்தம் போட்டாள்: “ஏ சாமி! கொமரிப் பிள்ளைய வெயில்ல நிப்பாட்டிப்போட்டுக் கொக்கையே பாத்துக்கிட்டு நிக்கேரே... மாப்பிள்ள அந்தப் பிள்ளைக்கா, கொக்குக்காவே?”

அக்கா சிரித்துவிட்டாள். ஸ்டூடியோச் சிரிப்பு இல்லை. வாயைப் பொத்தக்கூட மறந்த சிரிப்பு. அந்தச் சத்தத்தில் கொக்கு கழுத்தைத் தூக்கி, ஒரு சிறகை விரித்தது.

க்ளிக்.

அடுத்த வாரம் பிரிண்ட் வந்தது. எங்கள் கூடத்தில் மேஜைமேல் வைத்து எல்லோரும் சுற்றி நின்று பார்த்தோம். கொக்குக்குத் தக்கபடி வெளிச்சத்தைக் குறைத்து வாங்கிய படம் அல்லவா? சேறு மைக்கறுப்பு. அக்கா தன் நிறத்தில் இருந்தாள் — ஒரு மாற்றுக் கூடவே கறுப்பு என்று வேண்டுமானால் சொல்லலாம். ஆனால் கன்னத்தில் வெயில் இருந்தது. கண்ணில் சிரிப்பு இருந்தது. காதோரம் பறந்த மயிர் ஒவ்வொன்றும் தெரிந்தது. பின்னால், இறகு இறகாக, அந்தக் கொக்கு.

அம்மா தலையில் கையை வைத்துக்கொண்டாள். “கரிக்கட்டையா அடிச்சுக் குடுத்திருக்காரே! ஏன்னா, பாத்தேளா? இதையா அனுப்பறது? என் பொண்ணு இப்படியா இருக்கா?”

“இப்படித்தாம்மா இருக்கேன்,” என்றாள் அக்கா.

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். “நன்னாத்தான் இருக்கு. ஆனா... அவாத்துக்கு ஸ்டூடியோ போட்டோவே போகட்டும். அதுதான் வழக்கம்.”

அப்பாவைப் பற்றி ஒரு விஷயம் சொல்லாமல் விட்டுவிட்டேன். அவர் கெஜடட் ஆபீசர். அந்தப் பேட்டையில் அதற்கு என்ன அர்த்தம் என்று இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டு வாசலில் வரிசை நிற்கும். காலேஜ் அட்மிஷன், ரயில்வே வேலை, பாஸ்போர்ட்... எதற்கும் போட்டோவில் ஒரு கெஜடட் ஆபீசர் பச்சை மையில் கையெழுத்துப் போட்டு, முத்திரை வைக்க வேண்டும். கையெழுத்தில் பாதி போட்டோமேல், பாதி காகிதத்தின்மேல் விழ வேண்டும். முகத்தில் படக்கூடாது. மற்ற ஆபீசர்கள் கண்ணை மூடிக்கொண்டு போட்டுத் தள்ளுவார்கள். அப்பா? ஆளை எதிரே நிறுத்தி, போட்டோவைப் பார்ப்பார், முகத்தைப் பார்ப்பார், மறுபடி போட்டோவைப் பார்ப்பார். ஒருமுறை, போட்டோவில் மீசை வைத்துக்கொண்டு நேரில் மழித்துக்கொண்டு வந்த பையனை, ‘மீசை வளர்த்துண்டு வா’ என்று திருப்பி அனுப்பியவர். எதிர் வீட்டுக்காரர் கெஞ்சியும் கேட்கவில்லை. “நான் கையெழுத்துப் போட்டா, இது இந்த ஆள்தான்னு சர்க்காருக்குச் சத்தியம் பண்றேன்னு அர்த்தம்,” என்பார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வரிசை கலைந்து, அப்பா பேனாவை மூடப் போகிற சமயம். அக்கா வந்து எதிரே நின்றாள். ஜாதக நகலின் கீழே ஸ்டூடியோ போட்டோவை ஒட்டி, மேஜையில் வைத்தாள்.

“அட்டெஸ்ட் பண்ணுங்கோப்பா.”

“என்னடி இது, விளையாட்டு? கல்யாணப் போட்டோவுக்கு எவன் அட்டெஸ்டேஷன் கேட்டான்?”

“யாரும் கேக்கலை. நான் கேக்கறேன். இது நான்தான்னு கையெழுத்துப் போடுங்கோ. போட்டுட்டேள்னா, அவா வரபோது தட்டைத் தூக்கிண்டு வந்து நிக்கறேன். இதுக்கப்பறமும் எத்தனை பேர் வந்தாலும் நிக்கறேன். வாயே திறக்க மாட்டேன்.”

அம்மா சமையலறையிலிருந்து வந்துவிட்டாள். “போட்டுத் தொலையுங்கோளேன். ஒரு கையெழுத்துதானே!”

ஒரு கையெழுத்துதான். அப்பா பேனாவைத் திறந்தார். பழக்கம் அவரை விடவில்லை. போட்டோவைப் பார்த்தார். அக்காவின் முகத்தைப் பார்த்தார். மறுபடி போட்டோவைப் பார்த்தார். பேனா முள் காகிதத்துக்கு மேலே அப்படியே நின்றது. ஒரு சொட்டுப் பச்சை மை மேஜை விரிப்பில் விழுந்தது. அம்மா அதைக்கூடக் கவனிக்கவில்லை.

“முடியலை,” என்றார் அப்பா. “இது நீயில்லை.”

அக்கா அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டாள். இன்னொன்றை வைத்தாள். கழிமுகப் படம். அதையும் ஒட்டித் தயாராகத்தான் கொண்டுவந்திருந்தாள். ஸ்டெனோ அல்லவா!

இந்தத் தடவை அப்பா நிமிர்ந்து பார்க்கவே இல்லை. நேராகக் கையெழுத்துப் போட்டார். பாதி போட்டோவில், பாதி காகிதத்தில். பிறகு முத்திரையை மைத்தட்டில் ஒற்றி எடுத்துக்கொண்டு, வைக்க இடம் தேடினார். அங்கேதான் ஒரு நடைமுறைச் சிக்கல். முகத்தில் வைக்கக்கூடாது. புடவை அடர்த்தியான நிறம். சேறு கறுப்பு. எங்கே வைத்தாலும் முத்திரை தெரியாது. படத்தில் வெளுப்பாக இருந்தது ஒரே ஓர் இடம்தான்.

கொக்கின்மேல் வைத்தார். அழுத்தி.

விஷயம் தெரிந்ததும் பத்மநாப மாமா மாடியிலிருந்து ஓடிவந்தார். காகிதத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார். “சார்! இத்தனை வருஷத்துல இதுமாதிரி ஒரு கொக்கு எனக்குக் கிடைச்சதில்லை சார்! அதோட நெஞ்சுல போய்...”

“நெகட்டிவ் இருக்கில்லையா? இன்னொண்ணு போட்டுக்கோங்கோ,” என்றார் அப்பா. “கொக்கும் நிஜம்தானே. அதுக்கும் சேத்து அட்டெஸ்ட் பண்ணினதா வெச்சுக்கோங்கோ.”

காகிதம் செம்பூருக்குப் போயிற்று. நான்தான் தபாலில் சேர்த்தேன்.

பதில் இல்லை. ஒரு வாரம், இரண்டு வாரம்... வராத லெட்டருக்கு என்ன பொருள் என்று எங்களுக்குத் தெரியும். அம்மா அக்காவிடம் பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். அப்பா ஆபீஸிலிருந்து வந்ததும் தபால் பெட்டியைப் பார்க்காத மாதிரி பார்ப்பார். அக்கா எப்போதும்போல டப்பாவில் தயிர்சாதம் எடுத்துக்கொண்டு தாதருக்குப் போய் வந்தாள். ஆனால் சாயங்காலம் வந்ததும் மேஜைமேல் பார்வை ஒருமுறை போய்வரும். அதை நான் கவனித்தேன்.

ஒரு சனிக்கிழமை. கதவு தட்டப்பட்டது. திறந்தேன். தனியாக ஒரு ஆள். சட்டைப்பையில் ஆபீஸ் அடையாள அட்டை. ஸ்டாஃப் பஸ்ஸிலிருந்து அப்படியே இறங்கி வந்திருக்கிறார். தலையில் முடி என்று சொல்லத்தக்கதாக எதுவும் இல்லை.

“வைத்தியநாதன். செம்பூர். ஜாதகம் அனுப்பிச்சிருந்தேளே...”

அம்மாவுக்குக் கை கால் ஓடவில்லை. பிள்ளை தனியாக வருவதா? அம்மா இல்லாமல், நாள் பார்க்காமல், சொல்லாமல் கொள்ளாமல்? எந்த நடைமுறையிலும் இது கிடையாது. பஜ்ஜிக்கு வாழைக்காய்கூட வீட்டில் இல்லை. அப்பா பனியன்மேல் துண்டைப் போர்த்திக்கொண்டு வந்தார்.

வந்தவர் ஜாதகக் காகிதத்தைப் பையிலிருந்து எடுத்தார். “எங்கம்மாவுக்கு இதைப் பாத்ததும் ஒண்ணும் புரியலை. பொண்ணு போட்டோவுக்கு எதுக்குச் சர்க்கார் முத்திரைன்னு குழப்பம். யார்கிட்ட கேட்டாலும் இப்படி ஒண்ணு பாத்ததில்லைங்கறா. எனக்கு மட்டும் புரிஞ்சுது.” சட்டைப்பையிலிருந்த அட்டையைத் தொட்டுக் காட்டினார். “தினம் கார்த்தால கேட்ல செக்யூரிட்டிக்காரன் என் மூஞ்சியையும் இதுல இருக்கற போட்டோவையும் மாத்தி மாத்திப் பாக்கறான் சார். ஒரு நாளாவது சந்தேகப்படாம விட்டதில்லை. இதுல எனக்கு முடி இருக்கு.”

அப்பாவுக்குச் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியவில்லை.

அக்கா அப்போதுதான் ஆபீஸிலிருந்து வந்து படியேறி உள்ளே நுழைந்தாள். கையில் டப்பா, தோளில் பை, முகத்தில் லோக்கல் ரயில். கூடத்தில் யாரோ உட்கார்ந்திருப்பதைப் பார்த்து நின்றாள். வந்தவர் காகிதத்தைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். காகிதத்தை மடித்து வைத்துக்கொண்டார். அவ்வளவுதான். மறுபடி பார்க்கவில்லை.

அம்மா அவசரமாக, “செம்பூர் மாப்பிள்... வைத்தியநாதன்டி,” என்றாள்.

அக்கா பையைக் கீழே வைத்தாள். உள்ளே ஓடவில்லை. ஜாதகத்தோடு வந்திருந்த அவருடைய போட்டோவை அம்மா அலமாரியில் பத்திரமாக வைத்திருந்தாள்; அதை எடுத்து வந்தாள். காலேஜ் காலத்துப் படம். நெற்றியில் சுருள் சுருளாக முடி. அதையும் எதிரே இருந்த தலையையும் நிதானமாக ஒப்பிட்டாள். அப்பாவின் மகள்!

“இதை எங்கப்பா அட்டெஸ்ட் பண்ண மாட்டார்,” என்றாள்.

“தெரியும்,” என்றார் அவர். “அதான் ஆளே வந்துட்டேன்.”

அதற்குப் பிறகு நாள் பார்த்ததும், அவர் அம்மா வந்து முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதும், பிறகு அக்கா கையால் காபி குடித்துவிட்டு இறக்கி வைத்ததும் எல்லாக் கல்யாணங்களிலும் நடப்பவை. பத்மநாப மாமா கல்யாணத்துக்கு வந்து, ஒரு படம்கூட எடுக்காமல் சாப்பிட்டுவிட்டுப் போனார். மாமி மட்டும் மணப்பெண்ணிடம் ரகசியமாக, “எப்படிடி அவரை மசிய வெச்சே? எனக்கும் சொல்லிக் குடேன்,” என்று கேட்டாளாம்.

அணுசக்தி நகர் குவார்ட்டர்ஸில் அந்தப் படம் கூடத்துச் சுவரில் வெகுகாலம் மாட்டியிருந்தது. ஜாதகத்தை மடித்து உள்ளே தள்ளி, படம் மட்டும் தெரிகிற மாதிரி சட்டம் போட்டிருந்தார் அத்திம்பேர். வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்பார்கள்: ‘கொக்குக்கு எதுக்கு சார் முத்திரை?’ அவரும் சளைக்காமல் சொல்வார். ஒவ்வொரு தடவையும் கதையில் தன் தலைமுடி கொஞ்சம் கூடிக்கொண்டே வரும்.

அந்தக் கழிமுகம் இப்போது குறுகிவிட்டது. எதிர்க்கரையில் கண்ணாடிக் கட்டடங்கள். நடுவே மேம்பாலங்கள். டீக்கடை இருந்த இடத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை. போன வருடம் டாக்ஸியில் போகும்போது நிறுத்திப் பார்த்தேன். சாயங்கால நேரம். சேற்றில் கொக்குகள் நின்றுகொண்டிருந்தன. எந்த அலுவலகத்தில் ஆட்சேபணை இல்லை என்று சான்றிதழ் வாங்கினவோ தெரியாது... நிற்கின்றன. அந்த வெளிச்சமும் அப்படியே இருந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். கிளம்பிவிட்டேன்.

போன வாரத்துக்கு வருகிறேன். மாலை ஆயிற்று. அக்கா மேற்கு ஜன்னல் ஓரம் நாற்காலியைப் போடச் சொன்னாள். வெயில் சாய்ந்து உள்ளே வந்தது. சுருக்கம் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. எதிர்ச் சுவரில் அந்தப் படம். நான் போனைத் தூக்கிப் பிடித்தேன். அக்கா ஒருமுறை படத்தைப் பார்த்தாள், பிறகு போனைப் பார்த்தாள், கண்ணைச் சிமிட்டினாள்.

செயலி கொஞ்சம் யோசித்தது. திரையில் ஒரு டிக் விழுந்தது.

“என்னடா சொல்றது?”

“இருக்கியாம்.”

அக்காவுக்கு அது போதவில்லை. மடியில் கண்ணாடியைத் தேடினாள். கிடைக்கவில்லை.

“டிக் என்ன கலர்?”

“பச்சை.”

“அப்போ சரி.”